படத்தில் நடந்து போகிறவர்

ஸ்ரீவில்லிபுத்தூர்
3.2.2025

அன்பு மகள் சப்ரீனுக்கு,

உன் அத்தா அபுபக்கர் எழுதும் சலாம். நாங்கள் சுகம். உன் அம்மா என்னைத் தினமும் திட்டுகிற அளவுக்குச் சுகம். போனில் பேசினால் அவள் பிடுங்கிக்கொள்வாள், பேனாவைப் பிடுங்கமாட்டாள் என்றுதான் கடிதம்.

நீ அனுப்பிய படம் வந்தது. கட்டாத கட்டடத்தைக் கட்டி முடித்தது மாதிரி காட்டுவதுதான் உன் வேலை என்பாய். நான் நம்பியதில்லை. இப்போது படத்தில் செண்பகத்தோப்புக்குப் போகிற வழியில், நம் தெருவிலேயே, நாற்பது மாடி நிற்கிறது. தூரத்துக் கோபுரம் அதன் இடுப்புக்குத்தான் வருகிறது. முப்பது வருஷம் சென்ட்ரிங் பலகை அடித்தவன் நான், மூன்றாம் மாடிக்கு மேல் ஏறினால் இன்றைக்கும் தலை சுற்றும். என் மகள் உட்கார்ந்த இடத்திலேயே நாற்பது ஏற்றிவிட்டாள்.

பெருமை தாங்காமல் ராஜபாளையத்தில் ஃப்ளெக்ஸ் அடித்து, இருளப்பசாமி டீக்கடைக்கு எதிரே கட்டிவிட்டேன். "ஏலே அபுபக்கரு, அம்புட்டு உசரத்துல குடியிருக்கவன் என் டீயக் குடிக்க எறங்கி வருவானாலே?" என்கிறான்.

ஒரே ஒரு தப்பு. கட்டடம் நிற்பது நம் வீடு இருக்கிற இடம். வீட்டைக் காணோம். உன் அம்மாவின் துணிக்கொடியையும் காணோம். ஆனால் கீழே கட்டம்போட்ட கைலியில் ஒரு ஆள் நடந்து போகிறான். வழுக்கையைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது, நான்தான். வீட்டைத் திரும்ப வைத்து இன்னொரு படம் அனுப்பு.

துஆவுடன்,
அத்தா


சென்னை
10.2.2025

அன்புள்ள அத்தாவுக்கு,

சலாம். ஃப்ளெக்ஸை உடனே அவிழ்த்துவிடுங்கள். உங்களுக்கு மட்டும்தான் அனுப்பினேன்.

அளக்க யாராவது வந்தார்களா? வி.ஏ.ஓ. ஆபீஸில் நோட்டீஸ் ஏதும் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பட்டா யார் பெயரில் இருக்கிறது? போனில் வேண்டாம், எழுதுங்கள். வேலையைப் பற்றி வெளியே பேசமாட்டேன் என்று ஆபீஸில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

அம்மாவிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம்.

உங்கள்
சப்ரீன்


ஸ்ரீவில்லிபுத்தூர்
6.3.2025

அன்பு மகளுக்கு,

ராஜபாளையத்தில் ஒரு கான்கிரீட் வேலை. பதில் எழுதத் தள்ளிப்போய்விட்டது, கோபித்துக்கொள்ளாதே.

ஃப்ளெக்ஸை அவிழ்க்க மனசு வரவில்லை. அளக்க வந்தார்களா என்று கேட்டாயே, போன மாசக் கடைசியில் வந்தார்கள். முக்காலியில் கருவியை வைத்துப் பார்த்து, நம் வீட்டுச் சுவரில் சிவப்பாக ஒரு அம்புக்குறி போட்டார்கள். ரோட்டை அகலமாக்கத்தானே என்று மோர் கொடுத்தேன். ஃப்ளெக்ஸைப் பார்த்ததும் ஒருவருக்கு முகம் மாறிவிட்டது.

"இந்தப் படம் உங்களுக்கு எப்படிக் கெடச்சது பாய்?"

"எம் மக போட்டது சார்."

உன் பெயர், ஆபீஸ் பெயர் எல்லாம் சொன்னேன். ஸ்பெல்லிங்கோடு சொன்னேன். எட்டாம் வகுப்பு ஃபெயிலுக்கு அது பெரிய காரியம். அவர் எழுதிக்கொண்டார். சிரிக்கவில்லை.

பட்டா என் பெயரில்தான். நோட்டீஸ் எதுவும் கண்ணில் படவில்லை. டீக்கடைக்கு எதிரே இருக்கிற வி.ஏ.ஓ. ஆபீஸ் போர்டில்தான் நம் ஃப்ளெக்ஸ் தொங்குகிறது. அந்த அகலத்துக்கு வேறு இடம் கிடைக்காமல், ஒட்டியிருந்த காகிதங்களின் மேலேயே கட்டிவிட்டேன்.

துஆவுடன்,
அத்தா


சென்னை
12.3.2025

அத்தா,

ஃப்ளெக்ஸைத் தூக்கிப் பாருங்கள். அடியில் நிலம் எடுக்கிற நோட்டீஸ் இருக்கும். ஆட்சேபம் சொல்ல முப்பது நாள். இன்னும் முடிந்திருக்காது என்று நினைத்துக்கொள்கிறேன்.

இடத்தை நான் தேர்ந்தெடுக்கவில்லை. மலையிலிருந்து எடுத்த போட்டோவும் எல்லைக்கோடும் கட்டப்போகிற கம்பெனி கொடுத்தது. கோட்டுக்குள் நம் வீடு இருந்தது. அழிக்கச் சொன்னார்கள். அழித்தது நான்தான்.

நேராகச் சொல்ல முடியாமல் விளையாட்டுப் போல அனுப்பினேன். உங்களைப் படத்தில் வைத்தால் வீட்டைத் தேடுவீர்கள் என்று நினைத்தேன். தேடினீர்கள். ஆனால் சிரித்துவிட்டீர்கள்.

என்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். ஊருக்கு வரட்டுமா?

சப்ரீன்


ஸ்ரீவில்லிபுத்தூர்
19.3.2025

சப்ரீன் கண்ணு,

தூக்கிப் பார்த்தேன். இருந்தது. நம் சர்வே எண் நாலாவது வரியில். மார்ச் ஒன்றாம் தேதியோடு நாள் முடிந்துவிட்டது. நான் உனக்கு எழுத உட்கார்ந்ததே ஆறாம் தேதி. அந்த ஆபீஸ் தமிழ் எனக்குப் பிடிபடவில்லை, இருளப்பசாமிதான் படித்துச் சொன்னான். படித்து முடித்துவிட்டு, "வாங்க, செத்த உக்காருங்க" என்றான். நாற்பது வருஷத்தில் அவன் என்னை 'ஏலே' போடாமல் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

வீட்டை அழித்தது உன் கை. உன்னைக் காட்டிக்கொடுத்தது என் வாய். இரண்டையும் உன் அம்மா ஒரே மூச்சில் திட்டித் தீர்த்துவிட்டாள். நாம் ஒருவரையொருவர் திட்டிக்கொள்ள மிச்சம் எதுவும் இல்லை. புறப்பட்டு வா.

சாயங்காலம் நோன்பு திறக்க நானும் உன் அம்மாவும் மொட்டைமாடிக்குப் போனோம். துணிக்கொடியில் நிழல் விழுந்தது. தினமும் விழுகிற மலை நிழல்தான். ஆனாலும் இரண்டு பேரும் அண்ணாந்து பார்த்தோம்.

நாளைக்கு எல்லைக்கல் நடுகிறார்களாம். நாள் கடந்தாலும் என் கையெழுத்தில் ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன். பிழை இருக்கும், நீ வந்து திருத்து.

புறப்படுமுன் ஒரு வேலை. பூதக்கண்ணாடி வைத்து ஃப்ளெக்ஸைப் பார்த்தேன். அந்த ஆள் கையில் பையோடு, முதுகைக் காட்டிக்கொண்டு, ரோட்டைப் பார்த்துப் போகிறான். உன் அம்மா அவனோடு இல்லை. உன்னிடம் அந்தப் படத்தின் காப்பி இருந்தால் அவனை மட்டும் அழித்துவிடு. நான் எங்கேயும் போகவில்லை.

அத்தா