எட்டாவது போத்தல்

ரவாங்,
17-8-1986

மதிப்பிற்குரிய சிவானந்தம் அவர்களுக்கு,

நாகமணி எழுதுவது. இங்கு நானும் அம்மாவும் நீங்கள் விட்டுச்சென்ற புத்தகங்களும் சுகம். உங்கள் இளைப்பு எப்படி இருக்கிறது என்பதை இனிமேல் முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள். போன கடிதத்தில் மூன்று பக்கம் குன்றின் குரங்குகளைப் பற்றி எழுதிவிட்டு, கடைசியில் ஓரமாக "இருமல் குறைவு" என்று முடித்திருந்தீர்கள். அந்த இரண்டு சொல்லைத் தேடித்தான் நான் மூன்று பக்கத்தையும் படித்தேன். குரங்குகள் என்னை மன்னிக்கட்டும்.

சேதிக்கு வருகிறேன். கல்லுடைக்கும் ஆலை லோரிகளுக்குத் தூசி பறக்காமல் தார்ப்பாய் போடப் போகிறார்கள்! செப்டம்பர் முதல் தேதியிலிருந்து.  வியாழக்கிழமை நடந்த கூட்டத்தில் முடிவாயிற்று.

சென்ற ஆண்டு நான்காம் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்த உங்களைப் பிள்ளைகள் கைத்தாங்கலாக எங்கள் கிளினிக்குக்குக் கொண்டுவந்தார்கள். டாக்டர் எழுதித் தந்த மருந்தை நான்தான் நிறுத்துக் கொடுத்தேன். "இந்த ஊர்த் தூசியில் இனி இருக்காதீர்கள்" என்று அவர் சொன்னதையும் மருந்து அலமாரிக்குப் பின்னாலிருந்து கேட்டேன். நீங்கள் தற்காலிக மாற்றல் வாங்கிக் கோலசிலாங்கூருக்குப் போன பிறகு, நூலகத்தில் நகரத்துக் காற்றைப் பற்றிய புத்தகங்களாகத் தேடி எடுத்தேன். லண்டனில் ஒரு குளிர்காலப் புகைமூட்டத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் செத்த பிறகுதான் சட்டம் வந்ததாம். நமக்கும் அப்படி ஏதாவது நடந்தால்தான் யாராவது அசைவார்களா என்று யோசித்தேன். தூசியை அளக்கும் முறை ஒன்று அந்தப் புத்தகத்திலேயே இருந்தது. வாயகன்ற பாத்திரத்தில் கொஞ்சம் நீர் ஊற்றி உயரத்தில் முப்பது நாள் வைத்து, வடிகட்டி, காயவைத்து, நிறுக்க வேண்டும். நிறுக்கத்தான் கிளினிக்கில் தராசு இருக்கிறதே!

ஏழு ஹார்லிக்ஸ் போத்தல் சேர்த்தேன். எல்லாம் ஒரே அளவு. ஜூன் கடைசியில், லோரிகள் போகிற சாலையோரமாக ஏழு வீடுகளில் வைத்தேன். ஐந்தாவது போத்தல், கலும்பாங் தோட்டத்திலிருந்து வந்து குடியேறிய வேலம்மா அக்கா வீட்டில். உங்களுக்கு நினைவிருக்கும், லோரிகள் கியர் மாற்றுகிற வளைவில் இருக்கும் வீடு. கோழிக்கூண்டின் சிங்க் தகரக் கூரைமேல், முனியாண்டி சூலத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். மழை குறைந்த மாதமாக வாய்த்தது நல்லதாயிற்று.

நிறுத்துப் பார்த்தபோது ஆறு போத்தலில் ஏறக்குறைய நூற்றைம்பதிலிருந்து இருநூறு மில்லிகிராம் வரை. வேலம்மா அக்கா போத்தலில் மட்டும் ஒரு கிராமுக்கும் மேல்! வளைவு அல்லவா, அதனால்தான் என்று நானே காரணமும் கண்டுபிடித்துக்கொண்டேன். சராசரி போட்டு, டைப் அடித்து, மாவட்ட மன்றத்தில் கொடுத்தேன். ஆகஸ்ட் பதினான்காம் தேதி கூட்டம் என்று பதில் வந்தது. சுற்றுச்சூழல் இலாகா அதிகாரியும் வருவார் என்று எழுதியிருந்தார்கள்.

கூட்டத்துக்கு முதல் நாள், கழுவிய போத்தலைத் திரும்ப வைக்க வேலம்மா அக்கா வீட்டுக்குப் போனேன். "வந்துட்டியா நாகு! சாமி இல்லாம ரெண்டு வாரமா செவ்வா வெள்ளி வெறிச்சுன்னு இருக்கு" என்றார். எனக்கு விளங்கவில்லை. கேட்டால், செவ்வாய்க்கும் வெள்ளிக்கும் சூலத்துக்குப் பூசை செய்துவிட்டு, போத்தலிலும் ஒரு சிட்டிகை திருநீறு போட்டு வந்திருக்கிறார். ஏன் அக்கா என்று நான் கத்தியே விட்டேன். அவர் கோபித்துக்கொண்டார். "நீதானே சொன்ன, தொடக்கூடாது, மூடக்கூடாது, தரையில வைக்கக்கூடாது, முப்பது நாளுன்னு. இதெல்லாம் கலசத்துக்குச் சொல்றதுதானே? ஏதோ வேண்டுதல் வச்சிருக்க, வெளிய சொல்ல வெக்கப்படறன்னு நெனச்சேன்."

அவர் முழுக்கத் தவறாக நினைத்ததாக இப்போது எனக்குத் தோன்றவில்லை. அன்றைக்கு மட்டும் அழுகை வந்தது.

உங்களிடம் மறைப்பானேன். சொல்லாமல் இருந்துவிடலாமா என்று ஒரு முழு மாலை யோசித்தேன். தூசியும் வெள்ளை, திருநீறும் வெள்ளை. யாருக்குத் தெரியப்போகிறது? ஐந்தாவது போத்தலை எடுத்துவிட்டால் சராசரி ஏறக்குறையப் பாதியாகிவிடும். உங்கள் கடிதமோ மேசைமேல் இருந்தது. அங்கேயே நிரந்தர வேலை தருகிறார்கள், மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போட வேண்டும், போட்டால் ஐந்து வருடம் நகர முடியாது என்று எழுதியிருந்தீர்கள். ஒரு கிராம் திருநீறு உங்களை இங்கே கொண்டுவந்து சேர்க்குமானால் என்ன பாவம் என்றுகூட நினைத்தேன். பிறகு, திருநீறு நின்றதும் தூசியே பாதியானதுபோலக் காட்டும் அந்தப் பொய் எண்ணை நம்பி நீங்கள் வந்து மூச்சு வாங்குவதை நினைத்துப் பார்த்தேன். அதற்குமேல் யோசிக்க ஒன்றும் இல்லை.

கூட்டத்தில் நாற்பது பேர் இருந்தார்கள். இதுவரை நான் நாலு பேர் முன்னால் வாய் திறந்தவள் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். எழுந்து, ஐந்தாவது போத்தலை அடித்துவிடுங்கள் என்று சொல்லி, காரணத்தையும் சொன்னேன். மலாயில் திருநீற்றுக்கு என்ன சொல் என்று தெரியாமல் நெற்றியைத் தொட்டுக் காட்டினேன். சிரிப்பு அடங்க நேரமாயிற்று. கல்லாலை நிர்வாகி நாற்காலியில் சாய்ந்துகொண்டு, கோயில் வேலையை எல்லாம் கோயிலில் வைத்துக்கொள்ளலாமே என்றார்.

அப்போதுதான் பின்வரிசையிலிருந்து வேலம்மா அக்கா எழுந்தார். சந்தையில் பேசிப் பழகிய மலாயிலேயே கேட்டார். பிறகு எங்களுக்காகத் தமிழிலும் ஒருமுறை: "அந்த ஒரு போத்தல்ல போட்டது நான். ஒத்துக்கிறேன். மத்த ஆறு போத்தல்ல போட்டது யாரு?"

ஒருவரும் சிரிக்கவில்லை. அதிகாரி என் தாளை வாங்கி, ஐந்தாவது வரியைத் தானே கோடிட்டு அடித்தார். தன் ஆதாரத்தைத் தானே தள்ளிவிட்ட ஒருவரை இந்த வேலைக்கு வந்த பிறகு இன்றுதான் பார்ப்பதாகவும், மீதி ஆறே தனக்குப் போதும் என்றும் சொன்னார்.

வழி சொன்னது யார் தெரியுமா? லோரி டிரைவர் இருசப்பன்! முதலில் என்னைப் பார்த்து, "மருந்துக்கடை தங்கச்சி, தூசியெல்லாம் நாங்க வீட்டிலேர்ந்தா கொண்டாறோம்?" என்று கேலி செய்தவர்தான். ஏன் தார்ப்பாய் கட்டுவதில்லை என்று அதிகாரி கேட்டதும் சொன்னார்: "கட்டலாம் லா, யாரு வேணாங்கிறா? கட்ட பத்து நிமிசம் ஆவும். அதுக்குள்ள பின்னால வர்றவன் முந்திப் போயிருவான். நடைக்குத்தானே சம்பளம். கட்டாத லோரிக்கு ஆலை கேட்டத் தொறக்காதன்னு சொல்லுங்க, எல்லாருக்கும் ஒரே பத்து நிமிசம். எவனும் முந்த முடியாது." நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இது இல்லை.

அப்படியே முடிவாயிற்று. மூடாத லோரிக்கு ஆலைக் கதவு திறக்காது. வெளியே வருமுன் சக்கரங்கள் தண்ணீர்த் தொட்டியில் இறங்கி ஏற வேண்டும். காலையிலும் மதியமும் சாலைக்கு நீர் தெளிப்பார்கள். பள்ளி தொடங்கும், விடும் நேரங்களில் லோரி ஓடாது. மூன்று மாதச் சோதனை. போத்தல்கள் தொடர வேண்டும் என்பது அதிகாரியின் நிபந்தனை. வேலம்மா அக்கா கூரையில் இப்போது இரண்டு இருக்கின்றன, ஒன்று எனக்கு, ஒன்று முனியாண்டிக்கு.

இதனால் ரவாங் காற்று சுத்தமாகிவிட்டது என்று நான் எழுத மாட்டேன். ஆகவில்லை. இன்று காலைகூட மூடாத லோரிகள் போயின. டாக்டரிடம் உங்களைப் பற்றிக் கேட்டேன். மூன்று மாதத் தூசி எடையைக் காட்டு, பிறகு பேசலாம் என்றார். எடை குறையாவிட்டால் என்ன செய்வாய் என்றும் கேட்டார். கோலசிலாங்கூரிலும் கிளினிக்குகள் இருக்கின்றன, அங்கேயும் மருந்து நிறுக்க ஆள் வேண்டியிருக்கும் என்றேன். இதை ஏன் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

நீங்கள் கையெழுத்துப் போடுவதைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. ஒரு மாத அவகாசம் கிடைக்குமா என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.

இந்தக் கடிதத்தோடு வருவது எட்டாவது போத்தல். தூசி குறைந்த ஊர் ஒன்றின் எடையும் வேண்டும், அப்போதுதான் ஒப்பிட முடியும் என்று அதிகாரி சொன்னார். எனக்கு வேறு ஊர் தோன்றவில்லை. மணல் ஏற்ற அந்தப் பக்கம் வரும் இருசப்பன் உங்கள் கையில் தருவார். ஏதாவது கேலி பேசினால் பொறுத்துக்கொள்ளுங்கள். குரங்குகள் எட்டாத உயரத்தில் வையுங்கள். மழைநீர் முக்கால் நிறைந்தால் கொட்டிவிடாமல் இன்னொரு போத்தலில் ஊற்றி வையுங்கள். மூட வேண்டாம். திருநீறு வேண்டவே வேண்டாம்.

முப்பது நாள் ஆனதும் தபாலில் அனுப்பாதீர்கள். வழியில் சிந்திவிடும். நானே வந்து எடுத்துக்கொள்கிறேன். அம்மாவிடம் சொல்லிவிட்டேன். தானும் கூட வருவதாகச் சொல்கிறார். ஒரு போத்தலைத் தூக்க இரண்டு பேர் எதற்கு அம்மா என்று கேட்டேன். அவர் பட்டுச் சேலையை வெயிலில் உலர்த்தப் போய்விட்டார்.

அதுவரை உங்கள் மூச்சு சீராக இருக்க வேண்டும். என் வேண்டுதல் அவ்வளவுதான்.

இப்படிக்கு,
நாகமணி