ஒண்ணுதான் இருக்கு

ஜனவரி 12

அன்புள்ள சின்னுவுக்கு,

நான் நலம். நீயும், உன் வீட்டுக்காரரும், உன் கிரேனும் நலமா? நாம் ஏன் போனில் பேசாமல் கடிதம் எழுதிக்கொள்கிறோம் என்று அவர் மறுபடியும் கேட்டாராமே. இரட்டைப் பிள்ளைகளுக்குக் குரலும் ஒன்று, போனில் பேசினால் எனக்கு நானே புத்தி சொல்வது போல இருக்கிறது என்று சொல். நம் இருவருக்கும் வேறாக அமைந்தது கையெழுத்து மட்டும்தான். அதிலும் உன்னுடையது கோழி கிளறிய மாதிரி.

ஏப்ரலில் என் ஓவியக் கண்காட்சி. 'ஆள் பாதி ஆடை பாதி' என்று பெயர் வைத்திருக்கிறேன். எல்லாம் உருவப்படங்கள். அவரவர்க்குப் பிடித்த உடையில் வந்து உட்காரலாம் என்று சொல்லியிருந்தேன். நீதிபதி அம்மாள் ஓட்டப்பந்தயக் கால்சட்டையில் வந்தார். ரொட்டிக்கடைக்காரர் கோட்டு, டை, கையுறை சகிதம் வந்து வியர்த்துக் கொட்டினார். ஒரு சுவர் மட்டும் உனக்காகக் காலியாக இருக்கிறது.

நீ வேலையில் போடும் ஆரஞ்சுப் பாதுகாப்பு ஜாக்கெட் ஒன்றை அனுப்பு. அரங்கு நடத்தும் அம்மாளுக்கு அந்த நிறம் என்றால் உயிர். கிரேன் ஓட்டும் பெண் என்றதுமே கையைத் தட்டினார். நீ லீவு போட்டு அலைய வேண்டாம். முகத்துக்குத்தான் என் வீட்டில் கண்ணாடி இருக்கிறதே.

உன்னைவிடச் சில நிமிஷம் முந்தி உலகம் பார்த்த,
பெரிசு


ஜனவரி 21

அன்புள்ள பெரிசு,

உன் கடிதத்தை மேலே கேபினில் வைத்துத்தான் படித்தேன். கண்ணாடி ஜோக்குக்கு நான் சிரித்த சிரிப்பில், கீழே சிக்னல் கொடுப்பவர் வாக்கி டாக்கியில், "என்னம்மா, மேல காத்து அதிகமா?" என்று பதறிவிட்டார்.

ஜாக்கெட்டை அனுப்பியிருக்கிறேன். பழசு, ஆனால் துவைத்தது. நிறம் பார்த்துக்கொள். படத்துக்கு நான் அதைப் போடப் போவதில்லை. போன வருஷம் வாங்கினேனே, ஜிகினா வைத்த கிளிப்பச்சைக் கோட்டு, அதில்தான் வருவேன். நீ பார்த்துவிட்டுக் கண்ணைப் பொத்திக்கொண்டாயே, அதே கோட்டுதான்.

பிப்ரவரி கடைசியில் லீவு சொல்லிவிட்டேன். முடி வெட்டிக்கொள்ளவும் நாள் குறித்தாயிற்று. இத்தனை வருஷமாக ஊரார் முகத்தையெல்லாம் வரைகிறாய், என்னை ஒரு தடவைகூட உட்கார வைத்ததில்லை. கூப்பிட மாட்டாயா என்று நானும் வாயைத் திறந்து கேட்டதில்லை. இப்போது கூப்பிட்டாய். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. என் வேலையில் அது சகஜம்தான், இருந்தாலும் சொல்கிறேன்.

உன்,
சின்னு


பிப்ரவரி 9

அன்புச் சின்னு,

லீவை மிச்சம் பிடி. படம் முடிந்துவிட்டது.

ஜாக்கெட் வந்த அன்றே மாட்டிப் பார்த்தேன். அளவெடுத்துத் தைத்தது போல இருந்தது. பக்கத்துக் கட்டட வேலையில் ஒரு ஹெல்மெட் இரவல் வாங்கினேன், கண்ணாடி முன் நின்றேன், கை தானாக ஓடியது. அரங்கு அம்மாள் பார்த்துவிட்டு, இதை வாசல் சுவரிலேயே மாட்டலாம் என்கிறார். உன் வீட்டுக்காரர் லிஃப்ட் பழுது பார்க்க இந்தப் பக்கம் வருகிறாராமே, வந்து பார்த்துவிட்டு அப்படியே ஜாக்கெட்டையும் வாங்கிக்கொண்டு போகட்டும்.

கிளிப்பச்சைக் கோட்டிடமிருந்து என் கண்ணுக்கு விடுதலை. கோபித்துக்கொள்ளாதே, உனக்கும் அலைச்சல் மிச்சம்தானே.

உன்,
பெரிசு


பிப்ரவரி 20

பெரிசு,

அவர் வந்து பார்த்துவிட்டுத் திரும்பினார். இங்கே வந்து செருப்பைக் கழற்றும்போது, "படம் ரொம்ப நல்லா இருக்கு. அக்கா அப்படியே உயிரோட நிக்கிறாங்க" என்றார்.

"அக்காவா?"

"ஆமா. உன் சட்டையைப் போட்டுக்கிட்டு."

சிரித்தேன். பிறகு சமையலறைக்குப் போய் அழுதேன். இதை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

அம்மா ஒரே துணியில் இரண்டு சட்டை தைப்பாள். உனக்குக் காலரில் சிவப்பு நூல், எனக்கு நீலம். அது இல்லாவிட்டால் அவளுக்கே குழப்பம். உனக்கு ஓவியப் பரிசு கிடைத்தபோது என் முதுகில் தட்டினார்கள். என் கல்யாணத்தில் பாதிப் பேர் உன் கையைக் குலுக்கிவிட்டுச் சாப்பிடப் போனார்கள். ஒருத்தியைப் பார்த்தால் இரண்டு பேரையும் பார்த்தாயிற்று என்று ஊர் நினைத்துக்கொள்ளட்டும். முகம் பார்ப்பதையே தொழிலாக வைத்திருக்கிறவள், நீயுமா?

அந்த ஆரஞ்சு ஜாக்கெட்டில் வேலைத்தளத்தில் எல்லோரும் ஒன்றுபோலத்தான் இருப்போம். அதற்குத்தான் அதைக் கொடுக்கிறார்கள். பிறந்ததிலிருந்து சீருடையில் இருந்தவளுக்கு இன்னொரு சீருடையில் படம் எதற்கு?

பச்சைக் கோட்டை ஏன் வாங்கினேன் தெரியுமா? அந்த ஜிகினா எனக்கே கொஞ்சம் அதிகம்தான். பழக்க தோஷத்தில், இதே மாதிரி இன்னொன்று இருக்கிறதா என்று உனக்கும் சேர்த்துக் கேட்டேன். கடைக்காரர், "இல்லீங்க, ஒண்ணுதான் இருக்கு" என்றார். உடனே பையில் போடச் சொல்லிவிட்டேன்.

சின்னு


பிப்ரவரி 25

என் சின்னு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு, படத்தின் முன் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். உன் வீட்டுக்காரர் சொன்னது சரி. புருவத்தைத் தூக்கிக்கொண்டு, உலகத்துக்கே மார்க் போடுகிற அந்த மூஞ்சி என்னுடையதுதான்.

சரி, உன்னை நினைவிலிருந்து வரைவோம் என்று கரித்துண்டை எடுத்தேன். நெற்றி வந்தது. அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. என்னையறியாமல் கண்ணாடிப் பக்கம் திரும்பினேன் பார், அப்போது எனக்குப் பயமாகவே போய்விட்டது. கருவிலிருந்து கூட இருக்கிறவளின் முகம் எனக்குத் தெரியவில்லை.

வாடி. கோட்டோடு வா. ஆரஞ்சு இல்லாவிட்டால் வாசல் சுவர் இல்லை, கழிப்பறைக்குப் போகிற நடையில்தான் இடம் என்று அரங்கு அம்மாள் முறுக்கிக்கொள்கிறார். நடையே போதும் என்று சொல்லிவிட்டேன்.

காத்திருக்கும்,
பெரிசு


மார்ச் 18

அன்புள்ள பெரிசு,

சுகமாக வந்து சேர்ந்தேன். கழுத்து மட்டும் இன்னும் நேராகவில்லை. நாள் முழுக்கக் கேபினில் உட்காருகிறவளுக்கு நாற்காலி எம்மாத்திரம் என்று நினைத்துத்தான் வந்தேன். மூக்கு அரித்தால்கூடச் சொறியக் கூடாது என்று யார் கண்டது? ஒவ்வொரு ஜிகினாவுக்கும் நீ விட்ட வசவில் கோட்டுக்குக் காது இருந்தால் தீய்ந்திருக்கும்.

ஆனால் ஒரு மத்தியானம் திட்டுவதை நிறுத்திவிட்டு, தூரிகையைக் கையில் வைத்தபடி பார்த்துக்கொண்டே நின்றாய். "தலையை ஏன் சாய்ச்சே வச்சிருக்கே?" என்று கேட்டாய். கீழே பார்த்துப் பார்த்து வந்த பழக்கம் என்றேன். இடது கண் ஏன் சுருங்கியிருக்கிறது என்றாய். கேபினில் வெயில் அந்தப் பக்கம் என்றேன். "இதெல்லாம் எப்பலேருந்துடி?" என்றாயே, அப்போது உன் குரல் என் குரல் மாதிரி இல்லவே இல்லை.

என்னை யாரும் அவ்வளவு நேரம் பார்த்ததில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. படத்தைக் காட்டாமலே ரயிலேற்றி விட்டாயே என்ற கோபம் தனி. திறப்பு விழா அன்று இங்கே கான்கிரீட் போடுகிறார்கள், நான் இறங்க முடியாது. நீதான் எழுத வேண்டும். நன்றாக இல்லை என்றாலும் மறைக்காமல் எழுது.

உன்,
சின்னு


ஏப்ரல் 6

அன்புள்ள சின்னுவுக்கு,

மறைக்காமல் எழுதுகிறேன்.

கண்ணாடி பார்த்து வரைந்ததையும் மாட்டினேன். 'தங்கையின் ஜாக்கெட்டில் நான்' என்று பெயர் போட்டேன். அது வாசலில், நீ நடையில். கழிப்பறைக்குப் போனவர்கள் ஒருவரும் திரும்பி வரவில்லை. குழாய் உடைந்துவிட்டதா என்று அரங்கு அம்மாள் போய்ப் பார்த்தால், கூட்டம் மொத்தமும் உன் முன்னால் நிற்கிறது. ஒரு குழந்தை ஜிகினாவைப் பிய்க்கப் பார்த்தது. இதே போல இன்னொரு படம் வரைந்து தர முடியுமா என்று ஒருவர் கேட்டார். ஒண்ணுதான் இருக்கு என்று சொல்லிவிட்டேன்.

கூட்டம் கலைந்த பிறகு ஒரு பெண்மணி மட்டும் நின்றார். நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன், வழக்கமான சாம்பல் சட்டையில், இதே மூக்கோடும் இதே தாடையோடும். அவர் படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் படத்தைப் பார்த்தார். ரெட்டையா என்று கேட்கப் போகிறார் என்று பதிலைத் தயாராக வைத்திருந்தேன்.

"சிரிப்பை அடக்கிக்கிட்டு உக்காந்திருக்காங்க" என்றார். "யாருங்க இவங்க? உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?"

சின்னு, நம் வாழ்நாளில் யாராவது இப்படிக் கேட்டதுண்டா? எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"தெரியும்" என்றேன். "இப்பத்தான், ஒரு மாசமா."

உன்,
பெரிசு