நீ டாக்டரிடம் சொல்லாதது

காய்ந்த சுன்னாமுக்கி இலையின் வாசனை வந்தால் மட்டாஞ்சேரியில் நம் கடையில் எல்லோருக்கும் உன் ஞாபகம்தான் வரும். போன வாரம் உன் மகன் சலீம் புது மூட்டையைப் பிரித்தான். சுக்கும் மிளகும் ஒதுங்கிக்கொள்ள, அந்த வாசனை கல்லா வரைக்கும் வந்தது. பேதிக்குக் கொடுக்கிற இலைக்கு இத்தனை நல்ல மணம் எதற்கு என்று நீ கேட்பாயே, அதே மணம். சலீம் ஒரு பிடி அள்ளித் தாளில் மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். யாருக்கென்று கேட்டேன். "எனக்குத்தான் மாமா. மூலச்சூடு, வேற ஒண்ணுமில்ல" என்றான். நானும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. என் பாடே எனக்குப் பெரும்பாடாக இருந்த நேரம் அது.

உனக்குத் தெரியாதல்லவா, உடம்பு இளைக்க ஆபரேஷன் செய்துகொண்டுவிட்டேன். சர்க்கரை ஏறிப்போய், முழங்காலும் கைவிட்ட பிறகு வேறு வழியில்லை. இரைப்பையில் முக்கால்வாசியை வெட்டி எடுத்துவிட்டு, ஒரு வாழைக்காய் அளவுக்கு மிச்சம் வைத்திருக்கிறார்கள். நாலு வாய் கஞ்சி குடித்தால் போதும், நெஞ்சு வரைக்கும் நிரம்பிவிடும். என்னைப் படகில் ஏற்றினால் மறுபக்கம் சுக்கு மூட்டை வைக்க வேண்டும் என்று கேலி செய்வாயே, இப்போது பார்த்தால் வாயடைத்துப் போவாய்.

பசி போகும், சட்டை தொளதொளக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். மலம் இறங்காமல் மாட்டிக்கொள்வேன் என்று டாக்டர் சொன்னது மட்டும் என் காதில் ஏறவில்லை. உள்ளே போகிற சாப்பாடு கொஞ்சம். மடக்கென்று தண்ணீர் குடிக்கவும் முடியாது, சொட்டுச் சொட்டாகத்தான் குடிக்க வேண்டும். அதற்குமேல் இரும்புச்சத்து மாத்திரை. மூன்றாவது வாரத்தில் வயிறு பலகையாகிவிட்டது. என் மனைவி மைமூன் திராட்சையை ஊறவைத்துக் கொண்டுவந்து நின்றாள். என் அக்கா விளக்கெண்ணெய் என்றாள். மூட்டை தூக்கும் சுமட்டுக்காரன் அந்தோணி, "ஒரு கட்டன் சாயா, ஒரு பீடி, அதுக்கப்புறம் பாருங்க முதலாளி" என்றான். சலீம் சாப்பிடப் போனதும் நானும் மூட்டைக்குள் கைவிட்டு ஒரு பிடி எடுத்தேன். எடுத்தவன் மென்று தின்னாமல் உன்னை நினைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

குடோனுக்குப் பின்னால் இருந்த ஒற்றைக் கக்கூஸ் நினைவிருக்கிறதா? காலையில் பத்திரிகையோடு நீ உள்ளே போனால், பஜாரே வெளியே காத்து நிற்கும். கதவைத் தட்டினால், "விளம்பரம் இன்னும் படிச்சு முடியலடா" என்று உள்ளேயிருந்து குரல் வரும். வெளியே வந்ததும் அன்றைய சேதியை எல்லோருக்கும் அறிவிப்பாய். மிளகு விலை பேச வந்த தரகர்கள்கூட முதலில் உன் வயிற்று விசேஷத்தைக் கேட்டாக வேண்டும். "இன்னிக்கு நல்லபடியா போச்சு, ரெண்டு ரூபா குறைச்சே தர்றேன்" என்பாய். எனக்கு மானம் போகும். உனக்கு அப்படி எதுவும் இருந்ததில்லை.

அப்படிப்பட்ட நீதான் இளைக்க ஆரம்பித்தாய். நோன்புப் பெருநாளுக்குத் தைத்த சட்டை உன் தோளில் தொங்கியது. பஜாரில் பார்த்தவர்களெல்லாம் பத்து வயது குறைந்துவிட்டது என்றார்கள். "என்ன மாயம்டா பண்ணுனே?" என்று நானே கேட்டேன். "ராத்திரிச் சோறை விட்டுட்டேன், நீயும் விடு" என்றாய். எனக்கு அவ்வளவு பொறாமை. வீம்புக்கு நானும் ராத்திரிச் சோற்றை விட்டேன். உனக்கு ரத்தம் போய்க்கொண்டிருந்தது என்று யாருக்குத் தெரியும்?

கடைசியில் தலைசுற்றி விழுந்தபோது நான்தான் உன்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். மலம் எப்படிப் போகிறது, ரத்தம் ஏதாவது தென்பட்டதா என்று டாக்டர் கேட்டார். பக்கத்தில் உன் மருமகள் நின்றிருந்தாள், ஒரு சின்ன வயசு நர்ஸும் இருந்தாள். "ஒரு குழப்பமும் இல்ல டாக்டரே" என்றாய். கோளாறு ஒன்றுமில்லை என்பதற்கு, எது கேட்டாலும் இந்த ஊரில் சொல்கிற பதில்தானே அது. மழையில் கடைக்குள் தண்ணீர் வந்தாலும் குழப்பமில்லை, சரக்கு வராவிட்டாலும் குழப்பமில்லை. டாக்டர் சத்துமாத்திரை எழுதிக் கொடுத்தார். மறுபடி போனபோது குடலில் இருந்த புற்று ஈரல் வரைக்கும் ஏறியிருந்தது. பஜார் முழுக்கச் சொன்ன வாயால் அந்த ஒரு ஆளிடம் சொல்ல முடியவில்லையே உனக்கு. உன்னை மண்ணில் வைத்துவிட்டு வந்த நாளிலிருந்து எனக்கு உன்மேல் ஆத்திரம்தான். துக்கமெல்லாம் அதற்குப் பிறகுதான்.

கையில் எடுத்த இலையை மூட்டையிலேயே போட்டேன். மறுநாள் காலை முக்கி முக்கி உட்கார்ந்தவன் எழுந்து பார்த்தால் ரத்தம். உனக்கு வந்ததுதான் எனக்கும் வந்துவிட்டதென்று நினைத்தேன். மைமூனைக் கூப்பிட்டுக் காட்டினேன். "யா அல்லாஹ், யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்றாள். "எல்லார்கிட்டயும் சொல்லத்தான் போறேன், கிளம்பு" என்றேன்.

வைட்டிலா பக்கத்து ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் அம்மாவுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். பக்கத்தில் பயிற்சிக்கு வந்த இரண்டு பெண்கள் நின்றார்கள். "எப்படி இருக்கு இக்கா?" என்று கேட்டார். குழப்பமில்லை என்ற சொல் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. உன் முகம் நினைவுக்கு வர, அதை விழுங்கிவிட்டுச் சொன்னேன். எத்தனை நாளாகப் போகவில்லை, போனது எப்படிக் கல்லாக இருந்தது, ரத்தம் என்ன நிறம், எவ்வளவு என்று ஒன்றையும் விடவில்லை. மைமூன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்கள் சிரிப்பார்கள் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை.

டாக்டர் சோதித்துப் பார்த்தார். முக்கியதில் ஆசனவாயில் வெடிப்பு விழுந்திருக்கிறதாம். போன உயிர் திரும்பி வந்தது. அதற்குப் பிறகு நன்றாகத் திட்டும் வாங்கினேன். பேதி மருந்தோ நார்ப்பொடியோ அவரைக் கேட்காமல் தொடக் கூடாது. தண்ணீர் பாட்டில் எப்போதும் கையில் இருக்க வேண்டும். சாப்பாட்டோடு குடிக்காமல், நாள் முழுக்க வாய் வாயாகக் குடிக்க வேண்டும். நடக்க வேண்டும். வந்தால் அடக்கக் கூடாது. மாத்திரையை மாற்றி, மலம் இளகுவதற்கு ஒரு சிரப்பும் எழுதினார். "வயிறு உப்பி வாந்தி வந்தா அப்பவே வரணும். லஜ்ஜைப்பட்டு வீட்டுல இருக்கப்படாது" என்றார்.

வந்த வேலை முடிந்தது, எழுந்திருக்கலாம். ஆனால் எனக்கு வாய் நிற்கவில்லை. உன் கதையையும் சொன்னேன். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "அவருக்குப் பிள்ளைங்க உண்டா? அவங்களுக்கு இதுமாதிரி ஏதாவது?" என்று கேட்டார். சலீம் தாளில் மடித்த அந்த ஒரு பிடி இலை அப்போதுதான் எனக்கு உறைத்தது.

உன் மகன் லேசில் வரவில்லை. கடையில் ஆளில்லை என்றான், வரப்போகிற நோன்பு முடியட்டும் என்றான். "இதெல்லாம் போய் எப்படி மாமா சொல்றது?" என்றான். "வாயைத் திறந்துதான். நான் சொல்லலையா?" என்றேன். எத்தனை நாளாக ரத்தம் என்று கேட்டதற்குத் தலையைக் குனிந்துகொண்டான். கடையைப் பூட்டிச் சாவியை என் பையில் போட்டுக்கொண்டு அவனை வண்டியில் ஏற்றினேன்.

இப்போது அவன் உள்ளே இருக்கிறான். குழாய் விட்டுக் குடலைப் பார்க்கிறார்கள். நான் வெளியே பாட்டிலோடு உட்கார்ந்து, ஒரு வாய் குடிப்பதும் வராந்தாவில் நடப்பதுமாக இருக்கிறேன். முடிவு எப்படி வரும் என்று தெரியாது. எதுவாக இருந்தாலும், உன்னிடம் நான் கேட்காமல் விட்டதையெல்லாம் இவனிடம் கேட்டுக்கொண்டேதான் இருப்பேன். அவன் வெட்கப்பட்டால் படட்டும்.

நர்ஸ் கதவைத் திறந்து, சலீமோடு வந்தது யார், என்ன உறவு என்று கேட்கிறாள். எழுந்து நிற்கிறேன்.

"அவனோட அத்தாவுக்குக் கூட்டாளி. எங்கிட்ட எல்லாத்தையும் சொல்லுங்க."