பச்சைப் புள்ளிக்கு ஒரு நாள் லீவு

அன்புள்ள வாலுவின் அப்பாவுக்கு,

நானும் உங்கள் மகளும் சுகம். உங்கள் முதுகுவலியைப் பற்றி "பரவாயில்லை" என்று ஒரு வார்த்தையில் முடிக்காமல் உள்ளதை எழுதவும். போனில் கேட்டால் கப்பலில் சிக்னல் இல்லை என்று நழுவிவிடுகிறீர்கள். அதனால்தான் கடிதம். துறைமுக ஏஜென்ட் உங்கள் கையில் சேர்த்துவிடுவதாகச் சொன்னார்.

ஒரு கேள்வி என் மண்டையைக் குடைகிறது. நடுக்கடலில் போகிற கப்பலுக்கு எந்த நாட்டு விடுமுறை? சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

போன மாதம் ஒரு நாள் வழக்கம்போலக் கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே நாற்காலியைப் போட்டு, அந்த வெளிநாட்டு மெத்தைக் கம்பெனிக்கு வரும் புகார்களைக் கேட்கக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். உட்கார்ந்ததுமே அந்த நாட்டு வாடிக்கையாளர்கள் மொய்த்துவிடுவார்கள், மெத்தை கிரீச்சிடுகிறது, மெத்தையில் பள்ளம் விழுந்துவிட்டது என்று. அன்று ஒரு ஈ காக்கை இல்லை. திரையில் என் பெயருக்குப் பக்கத்தில் மட்டும் பச்சைப் புள்ளி எரிந்தது. ஆள் இருக்கையில் இருக்கிறார் என்பதற்கு அதுதான் அடையாளம். மற்ற எல்லாப் பெயரும் சாம்பல் நிறம். கம்பெனியை இழுத்து மூடிவிட்டார்களா, இல்லை சொல்லாமலே என்னை நீக்கிவிட்டார்களா? சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. மறுநாள்தான் தெரிந்தது, அவர்களுக்கு அன்று பொது விடுமுறையாம்.

அப்புறம் யோசித்தேன். நம் ஊர் விடுமுறைக்கும் நான் உட்கார்ந்துதானே இருக்கிறேன்? தெருவே கடையை அடைத்துவிட்டுத் தூங்கும். வாலு மட்டும் அறை வாசலில் நின்று, அம்மாவுக்கு மட்டும் ஏன் இன்றைக்கு ஸ்கூல் என்று கேட்பாள். ஆக, அவர்கள் லீவும் எனக்கு இல்லை, நம் லீவும் இல்லை. அப்படியானால் நான் எந்த நாட்டில்தான் வேலை பார்க்கிறேன்?

கீழ் வீட்டு வக்கீலம்மாவிடம் போய்க் கேட்டேன். துணி மடித்துக்கொண்டே சொன்னார்: "நீங்க உட்கார்ற நாற்காலி எங்க கிடக்குதோ, பெரும்பாலும் அந்த ஊர் சட்டம்தான். ஆனா உங்களை ஊழியர்னு எடுத்திருக்காங்களா, இல்ல தனியா வேலை எடுத்துச் செய்றவங்கன்னு எழுதியிருக்காங்களா, அதை முதல்ல பாருங்க." ஓடி வந்து ஒப்பந்தத்தைப் பார்த்தேன். ஊழியர் என்றுதான் இருந்தது, திரும்பக் கீழே போய்ச் சொன்னேன். அப்படியென்றால் நம் ஊர் விடுமுறைக்குச் சம்பளத்தோடு லீவு கேட்கலாம், அன்று வேலை வாங்கினால் அதற்கு மேற்கொண்டும் கேட்கலாம் என்றார். அன்று சாயங்காலம் அந்த நாற்காலியை மரியாதையாகத் துடைத்து வைத்தேன்.

கேட்கலாம் என்பது சரி, வாய் வர வேண்டுமே. சேர்ந்து இன்னும் வருஷம் திரும்பவில்லை. கேட்டதற்காகவே அனுப்பிவிட்டால் வீட்டுக் கடனை நீங்கள் ஒருவராக இழுக்க வேண்டும். உங்கள் கப்பல் நம் துறைமுகத்தில் நிற்கப்போகிற நாளும் நம் ஊர் விடுமுறையும் ஒன்றாக விழுவதைக் காலண்டரில் பார்த்த பிறகுதான் துணிச்சல் வந்தது.

என் மேலதிகாரியைத் தெரியுமே, நம் வாலு "கண்ணாடிக்காரம்மா" என்பாளே, அவரிடம் வீடியோ காலில் திக்கித் திணறிக் கேட்டுவிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றிக் கீழே வைத்தார். அவர் சொன்னதை நம் பேச்சில் எழுதுகிறேன்: "உங்க ஊர்ல விடுமுறையே கிடையாதுன்னு நாங்க நெனச்சிட்டிருந்தோம். சேர்ந்ததிலேர்ந்து உங்க புள்ளி பச்சையாவே இருந்துச்சு. கேட்டா சங்கடப்படுவீங்களோன்னு கேக்கல."

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நான் பயந்துகொண்டு கேட்கவில்லை, அவர்கள் மரியாதைக்காகக் கேட்கவில்லை. அந்த நாளுக்குச் சம்பளத்தோடு லீவு தந்துவிட்டார்கள். இதுவரை உழைத்த விடுமுறைகளுக்கு என்ன செய்வது என்று விசாரித்துச் சொல்வார்களாம். அதையும் நான் விடப்போவதில்லை.

இனி உங்கள் கதை. போன தடவை கப்பல் இங்கே நின்றபோது, இன்ஜின் அறையில் ஆள் போதவில்லை என்று நீங்கள் இறங்கவில்லை. நானும் வாலுவும் துறைமுக வேலிக்கு வெளியே நின்று கப்பலின் முதுகைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். அவள் பஸ்ஸில் கோபமாக ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். எனக்கும் கோபம்தான், யார் மேல் என்றுதான் தெரியவில்லை. அன்று நீங்கள் கேட்டு உங்கள் தலைமை இன்ஜினியர் மறுத்தாரா, இல்லை நீங்கள் கேட்கவே இல்லையா? அதை நானும் இத்தனை நாள் கேட்காமல் இருந்துவிட்டேன். எல்லாத் துறைமுகத்திலும் உங்கள் புள்ளி பச்சையாகவே எரிவதைப் பார்த்து, இவருக்கு வீடே கிடையாது போல என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறாரோ என்னவோ.

கப்பல் இங்கே நிற்கும் அந்த நாளில் இறங்க அனுமதி வேண்டும் என்று ஒரே ஒரு தடவை வாய் திறந்து கேளுங்கள். அன்று என் புள்ளி சாம்பல் நிறத்தில் இருக்கும், நாங்கள் அதே வேலி ஓரத்தில் நிற்போம். ஏணியில் இறங்கும்போது முதுகு பத்திரம்.

இப்படிக்கு,
அன்றைக்கு லீவில் இருக்கும்
உங்கள் மனைவி