உங்கள் கையால் எறிந்த கிழங்கு

என்ர இஞ்சாருங்கோவுக்கு,

சேர்ந்திருந்த காலத்தில் ஒருநாளும் உங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இனிமேல் தொடங்கி என்ன? பழைய கூப்பாட்டையே வைத்துக்கொள்கிறேன்.

உங்கள் ஆண்டுப் பூசை வருகிறது. மகள் யசிந்தா உங்கள் படத்தோடு பேப்பரில் நினைவஞ்சலி போடவேண்டுமென்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். ‘பாசத்தின் சிகரமே, பண்பின் உறைவிடமே’ என்று எழுதிக்கொண்டுவந்து காட்டினாள். வாசிக்கவே அலுப்பாக இருந்தது. சிகரத்தையும் உறைவிடத்தையும் யாருடைய படத்துக்குக் கீழே போட்டாலும் பொருந்தும். அதனால்தான் நானே எழுதுகிறேன். இதை யார் வாசித்தாலும் வாசிக்கட்டும். ஒளித்து வைத்தது போதும்.

நான் நல்லாயில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

காய்ச்சல் இல்லை, உடம்பில் நோவு இல்லை. பேக்கரியில் பாண் வரிசையில் நிற்கும்போது காரணமில்லாமல் நெஞ்சு படபடக்கத் தொடங்கும், கை குளிர்ந்துபோகும். முன்னால் நிற்கிறவளின் சட்டையில் உள்ள பூவைப் பார்த்துக்கொண்டு, விழுந்துவிடக் கூடாது, விழுந்துவிடக் கூடாது என்று நிற்பேன். பாணோடு பாலையூற்று வீட்டுக்கு வந்து சேர்ந்தால் ஒன்றுமில்லை, களைப்புத்தான். ஒரு வேலையும் செய்யாமல் வருகிற களைப்பு. உங்களைப் புதைத்துவிட்டு வந்த கிழமையிலிருந்து இப்படித்தான்.

ஆஸ்பத்திரியில் குழாயை வைத்துப் பார்த்தார்கள். “நெஞ்சு நல்லாத்தான் இருக்கு அம்மா, யோசிக்காதேங்கோ” என்று வெள்ளைக் குளிசை தந்தார்கள். அதைப் போட்டால் யோசனை நிற்பதில்லை, நான்தான் நின்றுபோகிறேன். கறியை அடுப்பில் வைத்துவிட்டுக் கதிரையில் அப்படியே இருந்துவிடுகிறேன். மருந்துக்கடைக்காரர் நரம்புக்கு நல்லதென்று ஒரு போத்தல் டொனிக் தந்தார். குடித்தால் பசி எடுத்தது. பசி ஏற்கனவே இருந்ததுதான். பக்கத்து வீட்டில் அமுக்கிராக் கிழங்குத் தூளைப் பாலில் கலந்து குடிக்கச் சொன்னார்கள். தூள் கிடைத்தது. பால்மாவுக்கு எங்கே போக?

யசிந்தா தன் பங்குக்குக் கிணற்றடியில் வல்லாரை நட்டு, காலையில் சம்பல் போட்டுத் தருகிறாள். வல்லாரை ஞாபகத்துக்கு நல்லதாம். நல்லதுதான். மறந்துபோயிருக்கவேண்டியது எல்லாம் எனக்கு இப்போது பளிச்சென்று ஞாபகம் வருகிறது.

உங்களுக்கும் நான் அதைத்தானே தந்தேன்?

வாசிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன், நீங்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் துறைமுகத்தில் விஞ்ச் பிடித்தவர். கப்பல் தட்டில் நின்று, கீழே பார்ஜ் படகில் இருக்கிற தேயிலைப் பெட்டிகளைக் கயிற்று வலையோடு தூக்கி எடுப்பது உங்கள் வேலை. உங்கள் கை ஒருமுறை நடுங்கினால் கீழே நிற்கிறவனின் தலை போய்விடும். கை நடுங்குகிறது என்று நாலுபேருக்குத் தெரிந்தால் உங்கள் வேலை போய்விடும்.

அந்த வலை அறுந்த நாளை நீங்கள் வீட்டுக்கு வந்து சிரித்துக்கொண்டுதான் சொன்னீர்கள். பெட்டிகள் விழுந்து வெடித்தன, கீழே நின்ற சவிரிமுத்து மயிரிழையில் தப்பினார். பிறகு சிந்திய தேயிலையை அள்ளி அவருடைய தலையில் கொட்டிச் சிரித்தீர்களாம். நானும் சிரித்தேன். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லையே, வேறென்ன செய்ய?

அதற்குப் பிறகுதான் வாசல் படலைக் கொளுக்கியைத் திரும்பத் திரும்பப் பார்க்கத் தொடங்கினீர்கள். போட்டுவிட்டு வருவீர்கள். பாதி முற்றத்தில் நின்று திரும்பிப் போவீர்கள்.

“என்னப்பா, இப்பத்தானே போட்டனீங்கள்?”

“மறந்துபோனன்.”

சோறு உங்களுக்கு இறங்கவில்லை, நித்திரை இல்லை. எல்லாவற்றுக்கும் மறதி, களைப்பு என்று ஒரே கதை. மறதி என்று நீங்களே சொல்லும்போது நான் என்ன மருந்து தேடுவேன்? வல்லாரைதான். கட்டுக்கட்டாக வாங்கி அரிந்தேன். நீங்களும் மாடு மாதிரி ஒரு சொல் சொல்லாமல் தின்றீர்கள்.

மாதா திருநாளுக்கு உங்கள் வெள்ளைச் சேட்டு ஒன்றை எடுக்க அலுமாரியைத் திறந்தபோதுதான் அது அகப்பட்டது. சேட்டுகளுக்கு அடியில் சிவப்புத் தாளில் சுற்றி இருந்தது. தாள் முழுக்கக் கட்டம் கட்டமாக, கோடு கோடாக, தெரியாத எழுத்து. பிரித்தால் உள்ளே ஒரு சின்ன மனிதன். இரண்டு கை, இரண்டு கால், உடம்பெல்லாம் மயிர், தலை மட்டும் இல்லை. காய்ந்து வற்றிப்போய்க் கிடந்தது.

யசிந்தா கத்திக்கொண்டு வெளியே ஓடினாள். அடுப்புக் குறட்டால் பிடித்துச் சுளகில் போட்டு, அதற்கு மேல் ஒரு செபமாலையையும் போட்டுவிட்டு, நீங்கள் வரும்வரை முற்றத்திலேயே இருந்தேன். சோறு இறங்காதது, நித்திரை கெட்டது எல்லாவற்றுக்கும் எனக்கு அந்த நிமிடத்தில் காரணம் கிடைத்துவிட்டது.

நீங்கள் வந்து சுளகைப் பார்த்தீர்கள். முகம் கறுத்துப்போனது.

“பாத்தீங்களோ? உங்களுக்கு ஆரோ செய்வினை செய்திருக்கினம்” என்றேன்.

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள், யசிந்தாவைப் பார்த்தீர்கள். பிறகு மெல்ல, “இருக்கும்” என்றீர்கள்.

இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டுதான் இப்போது மாரடிக்கிறேன். இருக்கும்! எப்படி உங்களுக்கு அது வாயில் வந்தது?

பங்குச் சுவாமிக்குத் தெரிந்தால் கோயிலில் ஏச்சு விழும் என்று பயந்து, அதைச் சாப்பாட்டுக் கரியருக்குள் வைத்து மூடிக்கொண்டு மூதூர் லாஞ்சில் ஏறினேன். அங்கிருந்து பஸ் பிடித்துக் கிளிவெட்டிக்குப் போனேன். பார்வை பார்க்கிற அந்தப் பெரியவர் தொடாமலே குனிந்து பார்த்தார். “நல்லாய்த்தான் செய்திருக்கினம் பிள்ளை. இது உப்புத் தண்ணிக்குப் போகவேணும். ஆரைக் குறிச்சுச் செய்ததோ, அந்த ஆளே தன்ர கையால எறியவேணும்” என்றார். உங்கள் கையில் கட்ட ஒரு நூலும் தந்தார்.

யார் செய்திருப்பார்கள் என்ற யோசனையில் சவிரிமுத்துவின் மனைவியோடு கதைப்பதையே விட்டேன். வலை அறுந்ததற்குப் பழி வாங்குகிறாள் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். நீங்கள் அதையும் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தீர்கள்.

டச்சுக்குடாக் கரைக்கு உங்களைக் கூட்டிக்கொண்டு போனேன். நீங்கள் அதைக் கையில் எடுத்துக் கனநேரம் வைத்திருந்தீர்கள். பெருவிரலால் தடவினீர்கள். ஒருமுறை மூக்குக்குக் கிட்டவும் கொண்டுபோனீர்கள்.

“ஐயோ மணக்காதேங்கோ! எறியுங்கோ!”

“எறியத்தான் வேணுமோ?”

“வேணும்.”

எறிந்தீர்கள். அது தாழவில்லை. மிதந்துகொண்டு நின்றது. அடுத்த அலை அதைத் திரும்பக் கொண்டுவந்து உங்கள் காலடியில் போட்டது. நான் மாதாவே என்று கத்தினேன். நீங்கள் அதை எடுத்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீர்வரை போய், தூரத்தில் வீசிவிட்டு, ஈரச் சாரத்தோடு வந்து, “போயிட்டுது” என்றீர்கள். உங்கள் கண் சிவந்திருந்தது. உப்புத் தண்ணீர் என்று நினைத்தேன்.

ஆனால் ஒன்று சொல்லவேண்டும். அதற்குப் பிறகு கொஞ்சக் காலம் நீங்கள் நல்லாயிருந்தீர்கள். செய்வினை பட்ட ஆள் என்று துறைமுகத்தில் எல்லாரும் இரக்கப்பட்டார்கள். நூல் கழலும்வரை விஞ்சுக்குப் போகவேண்டாம் என்று கீழ்வேலை தந்தார்கள். வீட்டில் நீங்கள் வாய் திறந்து கதைத்தீர்கள்.

“நெஞ்சுக்குள்ள கோழி செட்டை அடிக்கிற மாதிரிக் கிடக்கப்பா” என்பீர்கள்.

“அது போகுது, போகுது” என்று நான் முதுகைத் தடவிவிடுவேன்.

அப்படியே நித்திரையாகிவிடுவீர்கள். கடல் கொண்டுபோய்விட்டது என்று மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தினேன். பிறகு நூல் இற்று விழுந்தது. எல்லாரும் சுகமாகிவிட்டது என்றார்கள். சுகமான ஆள் நெஞ்சுக்குள் கோழி என்று சொல்ல ஏலுமா? நீங்கள் திரும்ப விஞ்சுக்குப் போனீர்கள். திரும்பப் படலைக்குப் போனீர்கள். வாயையும் மூடிக்கொண்டீர்கள். கடைசியில் நீங்கள் பயந்த அந்த நெஞ்சு ஒரு குறையுமில்லாமல் அடித்துக்கொண்டிருக்க, கண்ணையும் உடம்பையும் மஞ்சளாக்குகிற செங்கமாரி வந்து உங்களைக் கொண்டுபோனது.

இனித்தான் உங்களுக்குத் தெரியாத கதை.

அண்மையில் ஒருநாள் பின்னேரம் சவிரிமுத்து படலையில் நின்று கூப்பிட்டார். பக்கத்தில் கட்டையாக, வெள்ளைக்காரனும் இல்லாத, எங்கள் ஆளும் இல்லாத ஒருவர்.

“அக்கா, இவன் கொரியாக் கப்பல்ல கோக்கி. அண்ணரைத் தேடித் துறைமுக ஜெட்டி முழுக்கக் கையால காட்டிக்கொண்டு திரிஞ்சவன். செத்துப்போனதை எப்பிடிச் சொல்லுறதெண்டு தெரியேல்ல. அதான் கூட்டிக்கொண்டு வந்தனான்.”

அந்தக் கப்பல் சமையற்காரர் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். என்னைப் பார்த்துத் தன் கையை நெஞ்சில் வைத்து, விரல்களைப் படபடவென்று அடித்தார். பிறகு படலையடியில் நின்றபடியே கொளுக்கியைப் போட்டார், எடுத்தார், போட்டார், எடுத்தார். பிறகு, இப்போது எப்படி, சுகமா என்பது போல இரண்டு கையையும் விரித்தார்.

அது அவருடைய கையே இல்லை. நீங்கள் செய்கிற மாதிரி அப்படியே செய்தார். நீங்கள் சொல்லிக் காட்டாமல் அவருக்கு எப்படித் தெரியும்?

நான் உங்கள் படத்தைக் காட்டினேன். அவர் மாலையைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது. நிலத்தைத் தொடுமளவுக்குக் குனிந்து வணங்கினார். பிறகு பையைத் திறந்து ஒரு சிவப்புத் தாள் பொட்டலத்தை எடுத்து உங்கள் படத்துக்கு முன்னால் வைத்தார். பிரிக்காமலே எனக்கு விளங்கிவிட்டது. தெரியாத எழுத்து, கை கால், மயிர், எல்லாம் அதேதான். முந்திக் கப்பல் வந்தபோது உங்களுக்கு அதைத் தந்தவர் இவர்தான்.

அவர் குசினிக்குள் வந்து செய்தும் காட்டினார். அது வெறும் கிழங்குதான். மெல்லிய துண்டுகளாகச் சீவி, கொஞ்சத் தண்ணீரில் மூடிவைத்துக் கனநேரம் அவித்து, அந்தத் தண்ணீரைக் குடிக்கவேண்டும். அவர்களுடைய ஊரில் மனம் தளர்ந்தவர்களுக்கும் பயந்தவர்களுக்கும் அதுதான் மருந்துபோல. நான் தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்தேன். சவிரிமுத்து ஒன்றும் விளங்காமல் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர்கள் போனபிறகு எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. பாஷை தெரியாத ஒரு மனிதருக்குக் கையால் காட்ட ஏலுமாயிருந்ததை எனக்கு வாயால் சொல்ல ஏலாமல் போனதா? பயந்தவன் என்ற பேரைவிடச் செய்வினை பட்டவன் என்ற பேர் உங்களுக்குச் சுகமாக இருந்ததா? உங்கள் மருந்தை உங்கள் கையாலேயே எறியவைத்தேனே, அப்போதாவது ஒரு சொல் சொல்லக் கூடாதா? நான் சிரித்திருப்பேன் என்றா நினைத்தீர்கள்? சிரித்திருப்பேனோ? எனக்குத் தெரியவில்லை.

கோபம் ஆறியபின் சவிரிமுத்துவின் வீட்டுக்குப் போனேன். அவருடைய மனைவி வாங்கோ என்றும் சொல்லவில்லை, போங்கோ என்றும் சொல்லவில்லை. ஒரு கதிரையை இழுத்துப் போட்டாள். இருந்தேன். அது போதும்.

கிழங்குத் தண்ணீரை நான் குடிக்கிறேன். முதலில் கசப்பு, பின்னால் மண் மாதிரி ஒரு இனிப்பு. நெஞ்சு அடங்குகிறதா என்று கேட்டால், சில நாள் அடங்குகிறது, சில நாள் இல்லை. வல்லாரையும் அப்படித்தான், குளிசையும் அப்படித்தான். கிளிவெட்டி நூலும் அப்படித்தானே இருந்தது? நீங்கள் நல்லாயிருந்த அந்தக் கொஞ்சக் காலத்தை நினைத்துப் பார்க்கிறேன். அப்போது உங்களுக்கு ஒரு மருந்தும் இல்லை. கோழி செட்டை அடிக்கிறது என்று சொன்னீர்கள், நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அவ்வளவுதான் நடந்தது.

இன்னொன்று கேளுங்கள். இந்தக் கிழங்கை நான் எங்கே வைத்தேன் தெரியுமா? அலுமாரியில், சேலைகளுக்கு அடியில். யசிந்தா வேலைக்குப் போனபிறகுதான் எடுத்து அவித்தேன். நேற்று அவள் கேட்டாள்:

“அம்மா, ஏன் படலையைத் திரும்பத் திரும்பப் போய்ப் பாக்கிறீங்கள்?”

“மறதி பிள்ளை.”

அவள் கிணற்றடிக்குப் போய் இன்னும் கொஞ்சம் வல்லாரை பிடுங்கிக்கொண்டு வந்தாள். அவள் குனிந்து அரிகிறதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அதனால் இன்றைக்குக் கிழங்கை எடுத்துக் குசினி மேசையில் வைத்திருக்கிறேன். தாளில் சுற்றவில்லை. கையையும் காலையும் விரித்துக்கொண்டு கிடக்கிறது. யசிந்தா வேலையால் வந்ததும் முதலில் குசினிக்குள்தான் போவாள். ஐயோ அம்மா, ஆரோ செய்துபோட்டினம் என்று கத்துவாள். கத்தட்டும்.

உங்களுக்கு நான் தருகிற வாக்கு இதுதான். அப்போது நான் ‘இருக்கும்’ என்று சொல்ல மாட்டேன். “இல்லைப் பிள்ளை, அது என்ர மருந்து. எனக்குப் பயமாக் கிடக்கு. கொஞ்சநேரம் பக்கத்தில இரு” என்று சொல்வேன்.

இனி மறதி என்று சொல்லாத
உங்கட மனிசி,
திரேசம்மா