‘கொஞ்சம் கவனக்குறைவு’ என்று சொன்னவனுக்கு நான் செய்தது

என் அன்பு அருளண்ணா,

நீங்கள் போன பிறகு முதல் தடவையாக உங்களுக்கு எழுதுகிறேன். இவ்வளவு நாளும் எழுதாததற்குக் காரணம், சொல்ல நல்ல செய்தி ஒன்றும் இல்லாததுதான். இப்போது ஒன்று இருக்கிறது. ரமணனைக் கிளப்பிலிருந்து வெளியே போட்டுவிட்டார்கள். போட வைத்தவள் நான்.

உங்களுக்கு இது பிடிக்காது என்று தெரியும். “விடு ஜெசி, அவனும் பிள்ளைகுட்டிக்காரன்” என்று சொல்லியிருப்பீர்கள். சொல்ல நீங்கள் இல்லை. இல்லாதபடியால்தான் என்னால் இதைச் செய்யவே முடிந்தது.

இந்தக் கடிதத்தை நம்முடைய ஆட்களும் வாசிக்க வேண்டும் என்றுதான் பத்திரிகைக்குக் கொடுக்கிறேன். அவர்களுக்காக உங்களுக்குத் தெரிந்த கதையையும் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

கலியாணம் கட்டாமல், கடல் கடந்து வந்த இந்த ஊரில், மல்வேர்னில் எங்களோடேயே இருந்தீர்கள். பள்ளிக்கூட பஸ் ஓட்டினீர்கள். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பூசை முடிந்தால், அகலமான தொப்பியும் தடித்த இடுப்புப் பட்டியுமாக ஆளே மாறி, நகருக்கு வடக்கே ஒரு பண்ணைக் கொட்டகைக்குக் காரை விடுவீர்கள். அங்கேதான் உங்கள் கிளப். இலக்கில் விளக்கு எரிந்த அந்தக் கணத்தில் இடுப்பு உறையிலிருந்து துவக்கை இழுத்துச் சுட வேண்டும். ஆர் முந்தி என்பதுதான் போட்டி. குண்டு மெழுகாலானது. ஆனால் கிட்ட நின்றால் மெழுகும் சதையைக் கிழிக்கும், கண்ணில் பட்டால் கண் போகும் என்று நீங்கள்தான் எனக்குச் சொன்னீர்கள்.

முதல் நாள் நான் கத்தியது ஞாபகமா? “எங்களுக்கு ஊரிலை துவக்குக் கண்டது காணாதே? இஞ்சையும் வேணுமே?”

நீங்கள் தொப்பியைக் கழற்றாமலே சிரித்தீர்கள். “ஒருத்தரும் பயப்பிடாத துவக்கு ஒண்டையும் பிடிச்சுப் பாக்கத்தானே வேணும், ஜெசி.”

அப்படி ஒருத்தரும் பயப்படாமல் இருப்பதற்காகவே அந்தக் கிளப்பில் நீங்கள் பாதுகாப்புப் பொறுப்பாளர் ஆனீர்கள். வேறு ஒருவரும் அந்த வேலைக்கு வருவதில்லை. எல்லோருக்கும் சுட வேண்டும். நீங்கள் சிவப்புக் கைப்பட்டியைக் கட்டிக்கொண்டு, சுடும் கோட்டுக்குப் பின்னால் நின்று, மற்றவர்களின் விரலையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள். காரின் டிக்கியில் எந்த நாளும் மேலதிகப் பாதுகாப்புக் கண்ணாடிகள், காதடைப்பான்கள், ஒரு பெட்டி மட்டன் ரோல்ஸ். புதிதாக வருகிறவனுக்கு உங்கள் உறையை இரவல் கொடுத்துவிட்டு, உங்கள் முறை வரும்போது வெறும் இடுப்போடு நிற்பீர்கள்.

ரமணனும் அப்படி வந்தவன்தான். வீடு வாங்கி விற்கும் ஏஜென்ட். அவன் சிரித்த முகம் பாதி ஸ்காபரோவில் விளம்பரப் பலகையாக நிற்கிறது. ஒரு கலியாண வீட்டில் உங்கள் கதையைக் கேட்டுவிட்டு, “அண்ணை, என்னையும் ஒருக்கால் கூட்டிக்கொண்டு போங்கோ” என்றான். கூட்டிக்கொண்டு போனீர்கள். கால் எங்கே வைப்பது, விரல் எங்கே இருப்பது என்று ஒரு குளிர்காலம் முழுக்கப் பழக்கினீர்கள். அவன் கையில் வேகம் இருந்தது. சீக்கிரமே கோப்பை வாங்கினான். முன்வரிசையில் நின்று கை தட்டியது நீங்கள்.

பிறகு அந்த ஞாயிறு வந்தது. ரமணன் தன்னிடம் வீடு பார்க்கும் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தான், தன் திறமையைக் காட்ட. மற்ற உறுப்பினர்கள் வெளியே சாப்பாட்டு மேசையில். வந்தவர்களுக்குக் கண்ணாடி போதாமல் இருந்தது. நீங்கள் அவனிடம் சொல்லிவிட்டுக் காருக்குப் போனீர்கள்: “நான் கண்ணாடி எடுத்துக்கொண்டு வாறன். வருமட்டும் ஒருத்தரும் துவக்கிலை கை வைக்கக் கூடாது.”

நீங்கள் திரும்பி வருவதற்குள் வெடிச் சத்தம் கேட்டது. குண்டு போட்டு வைத்த துவக்கை உருவிக்கொண்டு அவன் போட்டோவுக்குத் திரும்பியிருக்கிறான். மெழுகு மரத்தூணில் பட்டுச் சிதறி, ஒரு துண்டு, அவனோடு வந்தவர்களில் கிருஷாந்தி என்ற பிள்ளையின் புருவத்துக்குக் கீழே கிழித்தது. கண் மயிரிழையில் தப்பியது. கை நிறையக் கண்ணாடிகளோடு ஓடி வந்த நீங்கள்தான் அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனீர்கள்.

கிளப்பின் தலைவர் வால்டர் விசாரித்தபோது ரமணன் சொன்னான், துவக்கை நீங்கள் சோதித்து, வெறுமையாக இருக்கிறது என்று சொல்லி அவன் கையில் தந்தீர்களாம். கூட வந்தவர்கள் வாய் திறக்கவில்லை. வால்டர் உங்கள் சிவப்புப் பட்டியைத் திருப்பி வாங்கிக்கொண்டார்.

“உது பொய்யெண்டு சொல்ல உங்களுக்கு வாயில்லையே?” என்று அன்றைக்கு நான் கேட்டேன்.

“சொன்னனான். நம்பேல்லை. அதுக்கு மேலை என்னத்தைச் சொல்ல? குண்டு போட்ட துவக்கை விட்டிட்டுப் போனது என்ரை பிழைதானே” என்றீர்கள். அதுதான் உங்களை அரித்தது. அவன் சொன்ன பொய்யை விட அது உங்களுக்குப் பெரிதாக இருந்தது. ஏன் அண்ணா? ஒருவன் உங்கள் சொல்லை மீறினால் அதுவும் உங்கள் பிழைதானா? இதற்கு நீங்கள் கடைசி வரை எனக்குப் பதில் சொல்லவில்லை.

அடுத்த வசந்தம் வருவதற்குள் போய்விட்டீர்கள். பிள்ளைகள் எல்லோரையும் இறக்கி, பஸ்ஸைக் கொண்டு போய் நிறுத்தி, திறப்பைக் கொடுத்துவிட்டுக் கதிரையில் இருந்தவர் எழும்பவில்லை. மாரடைப்பு என்றார்கள். பஸ்ஸில் ஒரு பிள்ளைக்கும் ஒரு கீறல் இல்லை.

அப்படிப்பட்ட மனுசனின் பெட்டிக்குப் பக்கத்தில், மலர்ச்சாலையில், ரமணன் மைக்கைப் பிடித்தான். ஒருவரும் அவனைக் கூப்பிடவில்லை. “அருள் அண்ணை எனக்குக் கூடப்பிறந்த மாதிரி” என்று தொடங்கினான். பிறகு சொன்னான்: “ஆள் கொஞ்சம் கவனக்குறைவுதான். ஆனால் தங்கமான மனுசன்.”

மண்டபம் முழுக்கத் தலையாட்டியது. நான் உங்கள் காலடியில் இருந்தேன். அழுகை நின்றுவிட்டது. உங்கள் வாழ்க்கை முழுவதையும் ஒரே சொல்லால் அழித்துவிட்டுப் போய் மனைவிக்குப் பக்கத்தில் இருந்தான். எல்லோர் முன்னாலும் சொன்னதை எல்லோர் முன்னாலும் இவனை விழுங்க வைப்பேன் என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தேன். உங்களுக்காகச் செபம் சொல்ல வேண்டிய நேரத்தில் நான் இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கும் அதற்காக எனக்கு வெட்கம் இல்லை.

உங்கள் துவக்குகளைச் சட்டப்படி ஒப்படைத்தோம். எனக்கு அவை தேவைப்படவும் இல்லை. நான் பாதுகாப்பு வகுப்புக்குப் போனேன், சோதனை எழுதினேன், லைசென்ஸ் எடுத்தேன். பிறகு வால்டரிடம் போய், அண்ணன் பார்த்த வேலையை நான் பார்க்கிறேன் என்றேன். சுட ஆசையில்லாத ஒருத்தி கிடைத்ததே பெரிது என்று அவர் என்னை அந்த வேலையைப் பழக விட்டார். அடுத்த வருடம் சிவப்புப் பட்டியை என் கையில் கட்டினார்.

ரமணன் என்னைக் கண்டதும் திடுக்கிட்டான். “தங்கச்சி, நீங்கள் இஞ்சை?”

“ஓம் அண்ணை. அண்ணான்ரை இடம் சும்மா கிடக்குது. அதுதான் வந்தனான்.”

அவனுக்கு நான் சிரித்த முகமே காட்டினேன். ரோல்ஸ் கொடுத்தேன். ஒவ்வொரு ஞாயிறும் அவன் விரலை மட்டும் பார்த்தேன். கவனமில்லாதவன் என்றைக்கோ ஒரு நாள் தானாகவே மாட்டுவான் என்று எனக்குத் தெரியும்.

போன கோடையில் இறுதிப் போட்டி. ரமணனின் ஆட்கள் போனைத் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டு நின்றார்கள். விளக்கு எரிந்தது. இழுத்தான். ‘டிக்’ என்றது, வெடிக்கவில்லை. வெடிக்காத துவக்கை இலக்கை நோக்கியே பிடித்தபடி அசையாமல் நிற்க வேண்டும். நீங்கள் அவனுக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடம் அது. அவன் எரிச்சலில் துவக்கைத் தன் பக்கம் திருப்பி, கட்டைவிரலால் அதன் வெடிச் சுத்தியலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டே குழாய்க்குள் எட்டிப் பார்த்தான். கண்ணாடியையும் நெற்றிக்கு ஏற்றிவிட்டிருந்தான்.

அண்ணா, நான் ஒரு மூச்சு சும்மா நின்றேன். விடு, போகட்டும் என்று ஒரு மனம் சொன்னது.

பிறகு, “ஸ்டொப்!” என்று கத்தினேன். கொட்டகையே அதிர்ந்தது. அவன் உறைந்து போய்த் துவக்கை இறக்கினான். வால்டர் அதை வாங்கி இலக்கைப் பார்த்து விசையை இழுத்தார். வெடித்தது.

நான் உங்கள் தங்கை, உங்கள் குணம் எனக்கும் இருக்கிறது, அதனால்தான் கத்தினேன் என்று எல்லோரும் சொல்கிறார்கள். சொல்லட்டும். உண்மையை உங்களுக்கு ஒளிக்கப் போவதில்லை. அவன் கண் போயிருந்தால் ஊரே அவனுக்காக அழுதிருக்கும். அவன் வீட்டுக்குச் சாப்பாடு சமைத்துக் கொண்டு போயிருப்பார்கள். அவனுக்காக ஒருவரும் இரங்கக் கூடாது என்று நினைத்தேன். அதனால்தான் கத்தினேன்.

அந்த இடத்திலேயே அவனைப் போட்டியிலிருந்து நீக்கினேன். அவன் அதோடு விட்டிருந்தால் ஒரு கோப்பையை இழந்ததோடு போயிருக்கும். விடவில்லை. கிளப்பின் நிர்வாகக் குழுவிடம் முறையிட்டான். “இவளின் அண்ணன் கவனமில்லாமல் ஒரு பெண்ணைக் காயப்படுத்தினார். அந்தக் கோபத்தில் என்னைப் பழிவாங்குகிறாள்” என்றான். வால்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அப்படியானால் அந்தப் பழைய விசயத்தையும் திரும்ப எடுத்துப் பார்ப்போம் என்றார். மூடிக் கிடந்த கதவை அவனே திறந்துவிட்டான்.

நான் மில்லிக்கன் பகுதிக்குப் போய்க் கிருஷாந்தியின் கதவைத் தட்டினேன். முன்பும் ஒரு தடவை போயிருந்தேன். அப்போது அவள் உள்ளேகூடக் கூப்பிடவில்லை. இந்த முறை கதவைப் பிடித்தபடியே அழுதாள். “அக்கா, வீட்டுக் குளோசிங் முடிஞ்சு வீடு எங்கடை பேருக்கு மாறுமட்டும் வாய் திறக்கக் கூடாதெண்டு ரமணன் அண்ணை சொன்னவர். நாங்களும் பயந்திட்டம். அருள் அண்ணை பிறகு பழமும் கொண்டு என்னைப் பாக்க வந்தவர். ‘கண் எப்பிடிப் பிள்ளை?’ எண்டு மட்டும்தான் கேட்டவர். தனக்காக ஒரு சொல் கதைக்கேல்லை.”

நீங்கள் அங்கே போனதை ஏன் எனக்குச் சொல்லவில்லை?

அவள் குழுவுக்கு முன்னால் வந்து நடந்ததை நடந்தபடி சொன்னாள். நீங்கள் அப்போது காரடியில் நின்றீர்கள் என்றாள். தொடக்கூடாது என்று நீங்கள் சொன்னதைத் தன் காதால் கேட்டேன் என்றாள். ரமணன் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அன்றைக்கே அவனை நீக்கினார்கள்.

எனக்கு அது போதவில்லை. உங்கள் ஆண்டுப் பூசைக்கு, மலர்ச்சாலையில் அன்றைக்குத் தலையாட்டிய அத்தனை பேரையும் தேடித் தேடிக் கூப்பிட்டேன். பூசை முடிந்து மண்டபத்தில் சாப்பாட்டுக்கு முன்னால் கிருஷாந்தி மைக்கைப் பிடித்தாள். அவளுக்குப் பிறகு வால்டர் எழும்பினார். தான் அறிந்தவர்களில் மிகக் கவனமான மனிதரிடமிருந்து அந்தப் பட்டியைப் பறித்தது தன் வெட்கம் என்றார். ரமணனின் மனைவியும் வந்திருந்தாள். கேட்டாள். எழும்பிப் போனாள். அவளுக்காக மட்டும் எனக்குக் கொஞ்சம் வலித்தது.

போன கிழமை அவனே நான் வேலை செய்யும் மருந்துக்கடைக்கு வந்தான். ஆள் மெலிந்திருந்தான். வீடு விற்கத் தன்னை இப்போது நம்முடைய ஆட்கள் கூப்பிடுவதில்லையாம்.

“தங்கச்சி, அருள் அண்ணை இருந்திருந்தால் என்னை மன்னிச்சிருப்பார்.”

“ஓம், மன்னிச்சிருப்பார். அவர் இருக்கேக்கை நீங்கள் ஏன் கேக்கேல்லை?”

அவன் கையில் இருந்த மருந்துச் சீட்டை மடித்தான்.

“அவர் மன்னிப்பாரெண்டு தெரிஞ்சுதான் செய்தனீங்கள். நான் அருள் அண்ணை இல்லை. உங்களுக்குப் பின்னாலை ஆக்கள் நிக்கினம், வழி விடுங்கோ” என்றேன்.

வீட்டுக்கு வந்து தேநீர் போட்டுக் குடித்தேன். பழி வாங்கினால் மனம் வெறுமையாகிவிடும் என்று சொல்வார்கள். எனக்கு அப்படி ஒன்றும் ஆகவில்லை. நன்றாகப் பசித்தது. இரண்டு முறை போட்டுச் சாப்பிட்டேன்.

ஒன்று மட்டும் உங்களுக்கு வாக்குத் தருகிறேன். நீங்கள் இருக்கும் இடத்தில் அவனை மன்னித்துக்கொள்ளுங்கள். அதில் நான் குறுக்கே வரமாட்டேன். ஆனால் அவன் திரும்ப எந்தக் கிளப்பின் கதவைத் தட்டினாலும், எந்த மண்டபத்தில் உங்கள் பெயரை எடுத்தாலும், அங்கே நான் எழும்பி நிற்பேன். எனக்கு வயது போய் எழும்ப முடியாமல் வந்தால், இருந்த இடத்திலிருந்தே கத்துவேன். என் குரல் எப்படி என்று அவனுக்குத் தெரியும்.

உங்களை மாதிரி மன்னிக்கத் தெரியாத,
உங்கள் ஒரே தங்கை,
ஜெசி