அண்ணையின் கோப்பை

செயின்ட்-மிஷேல், மொன்றியல்
நவம்பர், ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள டனிஸ்ரன் அண்ணைக்கு,

கீழ்வீட்டுக் குளியலறையில், கைகழுவும் தொட்டிக்குக் கீழே, தரையில் ஒரு பீங்கான் சாப்பாட்டுக் கோப்பை இருந்தது. அதன் விளிம்பில் நகமளவு துண்டு உடைந்திருந்தது. அதைத்தான் நான் முதலில் கண்டேன். ‘நாங்கள் நலம், உங்கள் நலம் அறிய ஆவல்’ என்று தொடங்கத்தான் இருந்தேன். கை வரவில்லை.

கீழ்வீட்டில் மிலாக்ரோஸ் என்ற கியூபாக்காரி சின்னப் பிள்ளைகளைப் பார்க்கும் கார்டெரி நடத்துகிறார். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு எனக்கு அங்கேதான் வேலை. வகுப்பில் ஒருவரோடும் வாய் திறக்காத நான் மூன்று வயதுப் பிள்ளைகளோடு நன்றாகக் கதைக்கிறேன். அம்மா கட்டிலை விட்டு எழும்பாத நாட்களில் ஓடிவந்து பார்க்கவும் முடிகிறது. படிப்பை விட்டதற்கு நீங்கள் ஏசுவீர்கள் என்று தெரியும்.

பிள்ளைகள் கையை வெட்டிக்கொள்வார்கள் என்று பயந்து அந்தக் கோப்பையைக் குப்பையில் போட்டுவிட்டேன். மிலாக்ரோஸ் கண்டுவிட்டார். ஐயோ பெட்டை, என்ர செத்த ஆக்கள் இனி உள்ளங்கையிலயோ வாங்கித் தின்னுறது என்று பிரெஞ்சில் கத்தினார். நான் அழப்போவதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அவையள் இதைவிட மோசமானதையெல்லாம் பார்த்தவை, உன்னை ஒண்டும் செய்யமாட்டினம் என்றார்.

அவருடைய முன்னோர் யொரூபா மக்களாம். ஆபிரிக்காவில் பிடித்துக் கப்பலில் அடைத்து, கியூபாவின் கரும்புத் தோட்டங்களுக்கு அடிமைகளாகக் கொண்டுவந்தார்களாம். மிலாக்ரோஸ் எங்களைப்போல மாதா கோயிலுக்கும் போவார், வீட்டில் அந்த முன்னோருக்குப் படைக்கவும் செய்வார். இறந்தவர்களுக்குத் தண்ணீர்க் குழாயடியில், உடைந்த கோப்பையில்தான் வைப்பது வழக்கமாம். கோப்பையும் தங்களைப்போல உடைஞ்சிருந்தாத்தான் அது தங்கடையெண்டு அவைக்குத் தெரியும் என்றார்.

பிள்ளைகள் போனபின் கோப்பையைக் கழுவி, சோறும் கறுத்த அவரையும் வைத்தார். பிறகு விரலைத் தண்ணீரில் தோய்த்துத் தரையில் ஒவ்வொரு சொட்டாக விட்டு, ஒவ்வொரு பெயராகச் சொன்னார். ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் ‘இபாயே’ என்றார்; போய்ச்சேர்ந்தவர்களை வணங்கும் சொல்லாம். கடைசிச் சொட்டு, கப்பலிலிருந்து கடலில் எறியப்பட்டவர்களுக்கு. கல்லறை இல்லை, உடலை யாரும் காணவில்லை, பெயரும் தெரியாது. அவர்களுக்கும் தண்ணீர் உண்டு.

பிறகு ஈர விரலைத் தூக்கியபடி என்னைப் பார்த்து, உன்ர ஆக்கள் ஆரும் இருக்கினமோ என்று கேட்டார்.

இல்லை என்றேன்.

சொட்டு அவர் விரல்நுனியில் தொங்கியது. அதை அவர் பாவாடையில் துடைத்துக்கொண்டார்.

அண்ணை, இந்த நாட்டுக்கு வரப் புறப்பட்டு, பனாமாக் காட்டுவழியில் உங்களோடு நடந்த றொக்சன் கோடையில் இங்கே வந்துசேர்ந்தான். வீட்டுக்கு வந்து, அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் எல்லாம் சொன்னான். ஆறு திடீரென்று பெருகியதாம். தண்ணீர் வற்றியபின் உங்கள் பை மட்டும் ஒரு கிளையில் கிடந்ததாம். அம்மா அவனுக்குத் தேத்தண்ணி கொடுத்துவிட்டு, பையைத்தானே தம்பி கண்டனீர், பிள்ளையைக் காணேல்லைத்தானே என்றா.

நீங்கள் வருவீர்கள் என்று வாங்கிவைத்த நீலப்பூக் கோப்பையில் அம்மா இன்னமும் மத்தியானத்தில் சோறு போடுகிறா. வேறு ஒருவரும் அதைத் தொடக்கூடாது. அப்பா துறைமுகத்தில் வேலை முடிந்து வந்து, அடுப்படியில் நின்றபடியே சாப்பிடுகிறார். அந்தக் கோப்பைக்கு முன்னால் அவரால் இருக்க முடியவில்லை.

ஆத்துமாக்களின் திருநாளில் கோயிலில் இறந்தவர்களின் பெயர்களை வாசித்தார்கள். உங்கள் பெயரையும் கொடுப்போமா என்று அதற்கு முதல் அம்மாவிடம் கேட்டிருந்தேன். உயிரோட இருக்கிறவனுக்கு ஆரடி செத்த பூசை குடுப்பினம், உனக்கு அண்ணன் வேண்டாமெண்டா வாயை மூடிக்கொண்டு இரு என்றா. அதற்குப் பிறகு அம்மா என்னோடு கதைப்பதில்லை.

பெயர் தெரியாதவர்களுக்குக்கூடக் கீழ்வீட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் இருக்கிறது. உங்கள் பெயர் எனக்குத் தெரியும். கேட்டபோது நான் சொல்லவில்லை. நீங்கள் அந்த ஆற்றங்கரையில், யாராவது கூப்பிடுவார்கள் என்று இன்னும் நிற்கிறீர்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இன்று அம்மா பூசைக்குப் போயிருக்கிறா, அப்பா வேலைக்கு. சோறு வடித்துவிட்டேன். இந்தக் கடிதத்தை எங்கே அனுப்புவது என்று தெரியவில்லை.

நான் நினைப்பது பிழையென்றால், அண்ணை, ஒரே ஒருதரம் போன் எடுத்து என்னை ஏசுங்கோ. எவ்வளவு வேண்டுமானாலும் ஏசுங்கோ. திருப்பி ஒரு சொல் சொல்லமாட்டேன்.

நீங்கள் எங்கே இருந்தாலும் மடு மாதா உங்களுக்குப் பக்கத்தில் இருக்கட்டும்.

உங்கள் தங்கை,
றொஷினி

பி.கு.: நீலப்பூக் கோப்பையை எடுத்து, கழுவும் தொட்டியின் ஓரத்தில் மெதுவாகத் தட்டினேன். உடையவில்லை. பிறகு பலமாகத் தட்டினேன். அதில் உங்களுக்குச் சோறு போட்டு வைத்திருக்கிறேன்.